சூப்பர்மேனை எதைக் கொண்டு அடிப்பது? 1978, 2013, 2025

சூப்பர்மேன் கதையில் கைவைக்கும் எல்லா இயக்குநருக்கும் ஒரே தலைவலிதான். குண்டு பாயாது, வானில் பறப்பான், கண்ணிலிருந்து நெருப்பு கக்குவான். இப்படிப்பட்ட ஆளுக்கு ஆபத்து என்று எதைக் காட்டுவது? ஜேம்ஸ் கன் இயக்கி 2025 ஜூலையில் வந்த ரீபூட்டைப் பார்த்துவிட்டு, அதே கேள்வியோடு முந்தைய இரண்டு தொடக்கப் படங்களையும் திரும்பப் பார்த்தேன்: ரிச்சர்ட் டோனரின் 1978 படம், ஸாக் ஸ்னைடரின் 2013 ‘மேன் ஆஃப் ஸ்டீல்’. கதையை மறைக்காமல்தான் எழுதுகிறேன், பார்க்காதவர்கள் உஷார்.

டோனரின் பதில் எளிமையானது. ஒருவனால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. வில்லன் லெக்ஸ் லூதர் இரண்டு ஏவுகணைகளை ஆளுக்கொரு திசையில் விடுகிறான். கிழக்கே போனதைத் தடுத்துவிட்டு வருவதற்குள் கலிபோர்னியாவில் நிலம் பிளந்து, சூப்பர்மேன் காதலிக்கும் பத்திரிகையாளர் லோயிஸ் காருக்குள்ளேயே புதைந்து இறந்துபோகிறாள். வளர்ப்புத் தந்தை மாரடைப்பில் போனபோதும் இதே கையாலாகாத்தனம்தான். இத்தனை சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று கிளார்க் (சாதாரண மனிதனாக வாழும்போது சூப்பர்மேனின் பெயர்) புலம்புவான். இவ்வளவு அழகாகப் பூட்டிய பூட்டை, பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னோக்கித் திருப்பிவிடுவதாகக் காட்டி உடைத்தது அநியாயம். ஆனால் சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ், கிளார்க்கின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முதுகை நிமிர்த்தி, குரலை மாற்றி, ஒரே ஷாட்டில் வேறு ஆளாகும் அந்தச் சில நொடிகளுக்காக எதையும் மன்னிக்கலாம். கண்ணாடி போட்டால் எப்படி அடையாளம் தெரியாமல் போகும் என்று கேலி பேசுகிறவர்களுக்கு அதுதான் பதில்.

ஸ்னைடர் வேறு வழியில் போனார். சமபலமுள்ள எதிரிகளை இறக்கினார். ஜெனரல் ஸாடும் சூப்பர்மேன் பிறந்த கிரிப்டன் கிரகத்துக்காரன்தான், அவனும் பறப்பான். அதனால் ஒவ்வொரு அடியும் இடி மாதிரி விழுகிறது. பறக்கும் காட்சிகளில் இந்தப் படத்தை இன்றுவரை எதுவும் தாண்டவில்லை. ஹென்றி கேவில் முதன்முதலாக ஒலியின் வேகத்தைக் கடக்கும் இடத்தில் ஹான்ஸ் ஸிம்மரின் இசை இன்றும் சிலிர்க்க வைக்கிறது. சிக்கல் பின்பாதியில். மெட்ரோபாலிஸ் நகரத்தின் கட்டடங்கள் வரிசையாகச் சரிகின்றன, உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று படம் கவலைப்படுவதே இல்லை. கடைசியில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற, சூப்பர்மேன் ஸாடின் கழுத்தை முறித்துவிட்டுக் கதறி அழுகிறான். சரி, அந்த வலி புரிகிறது. ஆனால் அதற்கு முன் நொறுங்கிய நகரத்துக்கு யார் அழுவது? சூறாவளியில் வளர்ப்புத் தந்தை சாகும் காட்சியும் எனக்கு ஒட்டவே இல்லை. மகனுடைய சக்தியின் ரகசியம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகக் கையைக் காட்டி மகனைத் தடுத்துவிட்டுச் சாகிறார். அந்த ஒரு கையசைப்புக்கு மகன் எப்படிக் கட்டுப்பட்டு நின்றான் என்பது இன்னும் விளங்கவில்லை.

கன்னின் படம் சூப்பர்மேன் தோற்றதிலிருந்தே தொடங்குகிறது. அண்டார்டிகா பனியில் ரத்தம் கக்கிக் கிடக்கிறான், கிரிப்டோ என்ற அடங்காத நாய் வந்து இழுத்துப் போகிறது. அதன்பிறகும் படம் முழுக்க உதை வாங்கிக்கொண்டே இருக்கிறான். ஒரு கட்டத்துக்கு மேல் அந்த அடிகளில் வலி இல்லாமல் போகிறது. எழுந்துவிடுவான் என்று நமக்கே தெரிந்துவிடுகிறது.

உண்மையான அடி வேறு இடத்தில் விழுகிறது, இரண்டு தடவை. முதலாவது, லோயிஸின் வீட்டில் நடக்கும் பேட்டி. பொராவியா, ஜர்ஹான்பூர் என்ற இரண்டு கற்பனை நாடுகளின் போரில் யாரைக் கேட்டு மூக்கை நுழைத்தாய் என்று அவள் மடக்குகிறாள். மக்கள் சாகப்போகிறார்கள் என்பதைத் தவிர அவனிடம் பதில் இல்லை, கோபம் மட்டும் வருகிறது. சண்டை இல்லை, கிராபிக்ஸ் இல்லை. டேவிட் கோரன்ஸ்வெட்டும் ரேச்சல் பிராஸ்னஹனும் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான். மூன்று படங்களிலும் சேர்த்து லோயிஸ் நிஜமான பத்திரிகையாளராகத் தெரிவது இங்கேதான். (இதே ஜோடியின் முத்தக் காட்சியில் நம் தணிக்கை வாரியம் கத்தரி வைத்தது. கட்டடம் கட்டடமாக இடிவதற்குத் தடையில்லை!)

இரண்டாவது அடி, கிரிப்டனில் அவனைப் பெற்றவர்கள் பதிவுசெய்து அனுப்பிய செய்தி. சிதைந்துபோன பின்பாதியை லூதர் மீட்டு உலகத்துக்கே ஒளிபரப்புகிறான்: பூமியை ஆளத்தான் மகனை அனுப்பியிருக்கிறார்கள். டோனர் படத்தில் மார்லன் பிராண்டோவும் ஸ்னைடர் படத்தில் ரஸல் குரோவும் கட்டிய தெய்வீகத் தந்தை பிம்பத்தை கன் ஒரே வீச்சில் சாய்த்துவிட்டார். துணிச்சலான முடிவு. ஆனால் அதிலிருந்து கிளார்க் மீள்வதற்கு வளர்ப்புத் தந்தையோடு வீட்டு வாசலில் ஒரு சின்னப் பேச்சு போதுமாகிவிடுகிறது. பசுமை விளக்குக்காரர் (கிரீன் லான்டர்ன்), பருந்துப் பெண் (ஹாக்கேர்ள்), மிஸ்டர் டெரிஃபிக் என்று மற்ற சூப்பர்ஹீரோக்களின் ஒரு கூட்டத்துக்கே இடம் கொடுத்த படம், இதற்கு இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம். டெரிஃபிக்கின் கடற்கரைச் சண்டையை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வில்லன்களில் எனக்கு நிக்கோலஸ் ஹோல்ட்தான் முதலிடம். ஜீன் ஹேக்மேனின் லூதர் ரசிக்கத்தக்க போக்கிரி. மைக்கேல் ஷானனின் ஸாடுக்கு உறுமலே மொழி. ஹோல்ட்டின் லூதர் பொறாமையில் வெந்து, குரங்குகளை வைத்து இணையத்தில் வசை எழுதவைக்கிறான். தெருவில் சாப்பாடு விற்றவரைச் சூப்பர்மேன் கண்முன்னாலேயே கொல்லும் இடத்தில் நமக்கு வந்த சிரிப்பு நின்றுவிடுகிறது.

ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் 1978. சண்டைதான் வேண்டும் என்றால் 2013, பெரிய திரையோ நல்ல ஹெட்போனோ கட்டாயம். வீட்டில் பிள்ளைகளோடு உட்காருவதாக இருந்தால் 2025ஐப் போடுங்கள். நாயே பாதிப் படத்தைச் சுமந்துவிடும், அந்தத் தெரு வியாபாரி காட்சியில் மட்டும் ரிமோட் கையிலேயே இருக்கட்டும்.