ஈஸ்டர் தவிர மற்ற நாளெல்லாம் உழைக்கும் ஒயின் ஃபிரிட்ஜ்

சிங்கப்பூரின் தெங்காவில் புது வீட்டுச் சாவி வாங்கியிருக்கும் தோழி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, உங்க வீட்ல இருக்கிற அதே ஒயின் ஃபிரிட்ஜ் இப்போ விலை இறங்கியிருக்கு. வாங்கிடவா?" அவள் கேட்ட நேரம் அப்படி. பழுதுபார்க்கும் தம்பி வந்து விசிறியை மாற்றிவிட்டுப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அந்தப் பெட்டியிடம் நல்லது நிறைய இருக்கிறது, அதையும் மறைக்கமாட்டேன். எத்தனை பாட்டில் பிடிக்கும், எத்தனை தட்டு என்பதெல்லாம் கடை விளம்பரத்திலேயே இருக்கிறது. சில வருடம் வைத்துப் புழங்கியவளுக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்களுடையது கம்ப்ரஸர் இல்லாத வகை. 1834இல் பிரெஞ்சுக்காரர் ஜான் பெல்டியே கண்டுபிடித்த விளைவில் ஓடுவது. இரண்டு விதமான பொருள்களைச் சேர்த்து மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். குளிர்ந்த பக்கம் பாட்டில்களுக்கு. சுடும் பக்கத்தின் சூட்டைப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன விசிறி ஊதித் தள்ள வேண்டும். கம்ப்ரஸர் இல்லாததால் அதிர்வு இல்லை, விலையும் குறைவு. எல்லாம் சரி. ஆனால் வெளியில் இருக்கும் சூட்டிலிருந்து ஏறக்குறைய 13, 14 டிகிரிதான் இதனால் இறக்க முடியும். ஐரோப்பாவில் வசந்த காலத்து வீடு 20 டிகிரியில் இருக்கும், அங்கே இது ராஜாவாக வேலை செய்யும். நம் அரசு அடுக்குமாடி (வீவக) வீட்டுச் சமையலறை சாதாரண நாளிலேயே 31.

இப்போது என் தீராத எரிச்சலுக்கு வருகிறேன். கதவின் மேல் நீல எழுத்தில் 12 என்று ஒளிர்கிறதே, அது உள்ளே இருக்கும் குளிர் அல்ல, நாம் கேட்ட குளிர். ஒரு சின்ன தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்தால் 18 காட்டும். நாம் கேட்டதையே நமக்குத் திருப்பிக் காட்டுவதற்கு எதற்கு ஒரு திரை? 18 என்றால் 18 என்று சொல்லட்டும், அதற்கேற்ற பாட்டிலை எடுத்துக்கொள்வேன். விற்ற கடையில் கேட்டால், "அப்படித்தான் மேடம் எல்லாமே" என்றார்கள். எல்லாமே அப்படி இல்லை. உள்ளே இருக்கும் உண்மையான குளிரைக் காட்டும் பெட்டிகளும் சந்தையில் உண்டு. சமையலறைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த 12 கண்ணில் படும், ஒவ்வொரு தடவையும் கோபம் வரும்.

சாதாரண நாளில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஈஸ்டர் அன்று முடியாது.

எங்கள் குடும்பத்தில் ஈஸ்டர் மதிய விருந்துதான் வருடத்தின் பெரிய சாப்பாடு. தவக்காலம் முழுக்க அம்மா இறைச்சியைத் தொடமாட்டார். புனித வெள்ளிக்கு வெறும் கஞ்சியும் துவையலும். சனிக்கிழமை காலையில் தேக்கா ஈரச்சந்தையில் முழு ஆட்டுத் தொடை சொல்லி வாங்கி, மிளகு, சோம்பு, பூண்டு, வினிகர் அரைத்துத் தடவி ஊறவைப்பேன். இரவு ஒஃபீர் சாலை லூர்து அன்னை ஆலயத்தில் ஈஸ்டர் திருவிழிப்பு வழிபாடு. 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டிய கோவில் அது. என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு அதுதான். ஞாயிறு காலை எழுந்ததும் அடுப்பு வேலை தொடங்கிவிடும். தொடை 160 டிகிரியில் மூன்று மணி நேரமாவது ஓவனில் இருக்க வேண்டும். பக்கத்து அடுப்பில் அப்பச் சட்டி, இன்னொன்றில் தேங்காய்ப்பால் ஊற்றிய ஆட்டுக்கறி. ஜொகூரிலிருந்து மாமா குடும்பம் வந்து சேரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும்.

வெளியே ஏப்ரல் மாதத்து வெயில். இங்கே இதுவரை பதிவான உச்ச வெப்பம் 37 டிகிரி, முதலில் பதிவானது 1983 ஏப்ரல் 17 அன்று, என் தோழி குடிபோகும் அதே தெங்காவில். 2023 மே மாதம் அங் மோ கியோவிலும் அதே அளவு பதிவானது. இப்படிப்பட்ட மாதத்தில், ஓவனும் இரண்டு அடுப்பும் ஓடும் சமையலறை 35 டிகிரியைத் தொடும். பெட்டிக்குள் 21, 22. வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 12 டிகிரி வேண்டும். ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். 22 டிகிரி ரோஸேயை அத்தை ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது என்னம்மா, ஆறிப்போன கஷாயம் மாதிரி" என்றார். அந்த நிமிடத்திலும் கதவில் 12.

எந்த ஒரு நாளுக்காக வாங்கினோமோ அந்த ஒரு நாளில் இது கைவிடுகிறது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு சாப்பாட்டு ஒயினுக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள் இங்கே ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு வரி என்று பார்க்கட்டும். சிங்கப்பூரில் ஒயினின் விலைக்கு ஏற்றபடி கலால் வரி இல்லை, அதில் உள்ள ஆல்கஹாலுக்கு ஏற்றபடிதான். ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 13.5 விழுக்காடு உள்ள 750 மில்லி பாட்டில் என்றால் கலால் மட்டும் 8 வெள்ளி 91 காசு, அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. மலிவான பாட்டிலுக்கும் இதே கலால்தான். மாமா ஜொகூரிலிருந்து ஆசையாகக் கொண்டுவரலாம் என்றால் மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மதுவில் வரிச் சலுகை கிடையாது. கடைசி நேரத்தில் வாங்கலாம் என்றால், 2015 முதல் இரவு 10.30க்குப் பிறகு காலை 7 மணி வரை கடைகளில் மது விற்கக் கூடாது. திருவிழிப்பு முடிந்து, எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லி, பேருந்து நிறுத்தத்துக்கு வரும்போது கடைகள் அந்த அலமாரியை மூடியிருப்பார்கள். ஆகையால் முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைக்கத்தான் வேண்டும். காசு கொட்டி வாங்கியதை 31 டிகிரியில் அலமாரியில் வைத்து வாரக்கணக்கில் கெடுக்க மனம் வராது. அதற்காகவே இந்தப் பெட்டி.

சரி, இதன் நல்ல குணம். அதைச் சொல்லும்போது என் குரலே மாறிவிடும்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த அறை ஐரோப்பாவின் பழைய கல் வீட்டு அறை, 16, 17 டிகிரி. நம் அறை அல்ல. பல வருடம் எங்கள் வீட்டில் சிவப்பு ஒயினை அலமாரியிலிருந்து அப்படியே எடுத்து ஊற்றினோம். மூக்கில் ஆல்கஹால்தான் முதலில் ஏறும், பழ வாசம் பின்னால் எங்கோ இருக்கும். இந்தப் பெட்டி வந்த பிறகுதான் 17, 18 டிகிரியில் ஒரு சிவப்பு ஒயின் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. முதல் தடவை ஊற்றியபோது வீட்டுக்காரர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு ஒயினோ என்று. நாங்கள் எப்போதும் வாங்கும் அதே ஒயின்தான்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் நம் சாப்பாட்டோடு. மிளகாய்க் காரத்தை உணரும் அதே நரம்பு உணர்விதான் சுடுவதையும் உணர்கிறது. வழக்கமாக 42 டிகிரிச் சூட்டில்தான் அது விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துவிடும். அதாவது உடம்புச் சூடே போதும், வாய் எரியத் தொடங்கிவிடும். மிளகும் மிளகாயும் போட்ட ஆட்டுத் தொடைக்கு 14.5 விழுக்காடு ஒயினை வெதுவெதுப்பாக ஊற்றினால் யாருக்கு என்ன ருசி தெரியும்? குளிராகவும், ஆல்கஹால் குறைவாகவும் இருந்தால் கறியின் சுவை தெரியும், ஒயினின் சுவையும் தெரியும். எங்கள் வீட்டில் இப்போது ஆல்கஹால் அதிகமுள்ள கனமான சிவப்பு ஒயின்கள் கிடையாது. கமே திராட்சையில் செய்த போஜோலே, லேசான சிவப்பு, ஆட்டுத் தொடைக்கு. தேங்காய்ப்பால் கறிக்கும் அப்பத்துக்கும் ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங், கொஞ்சம் இனிப்பு உள்ள வெள்ளை ஒயின், 8 விழுக்காட்டில் கிடைக்கும். கணக்குப் பாருங்கள், அந்த 8 விழுக்காட்டு பாட்டிலுக்குக் கலால் 5 வெள்ளி 28 காசுதான். நாக்குக்கும் நல்லது, பைக்கும் நல்லது. ஒயினே வேண்டாம் என்றிருந்த அம்மா இப்போது அரைக் கோப்பை ரீஸ்லிங் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். அவர் கையில் அந்தக் கோப்பையைப் பார்ப்பது எனக்கு ஈஸ்டரின் பாதி சந்தோஷம்.

நான் எதிர்பார்க்காத இன்னொன்று சாக்லேட். ஈஸ்டர் முட்டைகளை வெளியே வைத்தால் நம் ஊரில் குழையும். கோகோ வெண்ணெய் 30 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் ஈரம் படிந்து, சர்க்கரை கரைந்து வெள்ளை பூத்துவிடும். இந்தப் பெட்டியின் 18 டிகிரி அவற்றுக்கு நன்றாகப் பொருந்துகிறது. பிள்ளைகளுக்கான முட்டைகளைக் கீழ்த் தட்டில் ஒளித்து வைக்கிறேன், கண்ணாடிக் கதவு வழியாக அவர்கள் கண்டுபிடித்துவிடாதபடி முன்னால் பாட்டில்களை அடுக்கி. ஞாயிறு வரை பளபளவென்றே இருக்கும்.

மழை பெய்யும் சாயங்காலங்களில் கதவு வியர்க்கும், துடைத்துவிட்டால் போகும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

விசிறிதான் விஷயம். சத்தமே வராது என்று சொல்லி விற்கிறார்கள். புதிதில் உண்மைதான். நம் சமையலில் தாளிப்பு உண்டு, எண்ணெய்ப் புகை உண்டு. அது தூசியோடு சேர்ந்து விசிறி இறக்கையிலும் பின்னால் இருக்கும் அலுமினியத் தகடுகளிலும் பிசின்போலப் படிகிறது. முதலில் முனகல், அப்புறம் கரகரப்பு. போன ஈஸ்டர் அன்று மாமா சாப்பாட்டு மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் அது உறுமத் தொடங்கி, நின்றேவிட்டது. விசிறி நின்றால் சுடும் பக்கத்துச் சூடு போக வழியில்லை, உள்ளே வெளியைவிட அதிகமாகக் காயும். வந்த தம்பி நல்லவர், வேலையையும் சுத்தமாகச் செய்தார். ஆனால் மாற்றிய விசிறி கணினிக்குள் இருக்கும் சாதாரண 12 வோல்ட் விசிறி, சிம் லிம் சதுக்கத்தில் சில வெள்ளிக்குக் கிடைப்பது. வந்து போன கட்டணத்தோடு சேர்த்து அவர்கள் கேட்டது பல மடங்கு. அந்த ரசீது இன்னும் மேசை மேல் இருக்கிறது.

தோழி, உனக்கு என் பதில்: வாங்காதே. மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்கிறேன் என்று தெரியும். என் பெட்டியை யாராவது கேட்டால் கொடுக்கவும் மாட்டேன். ஆனால் இன்றைக்குக் கடைக்குப் போனால் மறுபடி அதே வகையை வாங்கமாட்டேன். உன் புது வீட்டில் இரவு பகல் ஏசி ஓடும் அறை ஒன்று இருந்து, அங்கே இதை வைக்க இடமும் இருந்தால் பேச்சு வேறு. அறை 25 டிகிரியில் இருந்தால் அந்த 12 உண்மையாகவே 12 ஆகும். சமையலறை என்றால் கம்ப்ரஸர் வகையாகப் பார். முக்கியமாகப் பின்பக்க ஸ்டிக்கரில் தட்பவெப்ப வகை என்ன என்று படி. N என்றிருந்தால் சுற்றிலும் 32 டிகிரி வரைக்கும்தான் தாங்கும், ST என்றால் 38, T என்றால் 43. கடைக்காரர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். திரையில் தெரிவது கேட்ட குளிரா, இருக்கும் குளிரா என்றும் கேள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் அடுத்த கடை.

அதுவரை ஒரு வாளி போதும். பாதி ஐஸ், பாதி தண்ணீர், கைப்பிடி உப்பு. ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலை முழுக்கத் தொடாது, தண்ணீர் கட்டாயம் வேண்டும். அலமாரியிலிருந்து எடுத்த ரோஸேக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். போஜோலே என்றால் பத்தே நிமிடத்தில் எடுத்துவிடு.