பழைய காடிக்கு எச்4 ரிலே செட்: வாங்கலாம், அப்படியே மாட்ட வேண்டாம்

மலேசியாவில் ஷாப்பி, லசாடா ஆன்லைன் கடைகளில் 50 வெள்ளிக்குள் கிடைக்கிற, கம்பெனிப் பெயர் எதுவும் இல்லாத எச்4 ரிலே வயரிங் செட் இது. எச்4 என்பது டிம், ஹைபீம் இரண்டு இழையும் ஒன்றாக உள்ள ஹெட்லைட் பல்பு. ரிலே என்பது உள்ளே இருக்கும் காயிலில் (கம்பிச் சுருளில்) ஓடும் சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். 7 அங்குல வட்ட லைட் போட்ட டட்சன் 120ஒய், மோரிஸ் மைனர், மினி எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கிறார்கள். பெட்டியில் இரண்டு ரிலே, இரண்டு பல்பு சாக்கெட், ஒரு ஃபியூஸ் ஹோல்டர், காடியின் பாடியில் முறுக்கும் எர்த் ரிங்குகள், காடியின் பழைய பிளக்கோடு சேர்க்கும் ஆண் பிளக் ஒன்று.

யோசனை என்னவோ சரியானதுதான். 60/55 வாட் பல்பு இரண்டும் டிம்மில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய காடிகள் பலவற்றில் அத்தனையும் டேஷ்போர்டு சுவிட்ச், டிம்மர் சுவிட்ச் வழியாகச் சுற்றித்தான் பல்புக்கு வருகிறது. தேய்ந்த காண்டாக்டுகளில் வோல்டேஜ் கரைந்துவிடும். ஹாலஜனுக்கு 10 சதவீத வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். ரிலே வந்தபின் சுவிட்சில் ஓடுவது அதன் காயில் கரண்ட் மட்டுமே, கால் ஆம்பியர்கூட வராது.

ஆனால் காசைக் கொடுப்பதற்குமுன் மல்டிமீட்டரை எடுங்கள். எஞ்சின் ஓடட்டும், டிம் எரியட்டும், பிளக்கைக் கழற்ற வேண்டாம். சுவிட்ச் எர்த் பக்கம் இல்லாத காடியில் (அதைக் கண்டுபிடிக்கும் வழி கீழே) பேட்டரி பாசிட்டிவில் ஒரு முனை, பல்பு பிளக்கின் பின்பக்கம் டிம் முனையில் இன்னொன்று. 0.5 வோல்ட்டுக்குள் காட்டினால் இந்த செட் உங்களுக்குத் தேவையில்லை. 1.5, 2 என்று காட்டினால் தேவை. அடுத்து பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பின் எர்த் முனைக்கும் நடுவே பாருங்கள், 0.2-க்கு மேல் போனால் கோளாறு எர்த்தில். பிளக்கைக் கழற்றி அளந்தால் கரண்ட் ஓடாது, துருப்பிடித்த வயரும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றிவிடும். சிக்னல் போடும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கினால், அல்லது ஒரு பக்கம் மட்டும் மங்கி ஹைபீம் இழை மினுக்கினால், பெரும்பாலும் எர்த்தேதான். பினாங்கின் கடற்காற்றில் வயரின் உறைக்குள்ளேயே செம்பு பச்சைபூத்துவிடும். நுனியை வெட்டிப் பார்க்காமல் தெரியாது.

இந்த செட்டின் குறைகளில் முதலாவது வயர். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டுங்கள். மேலே செம்பு, உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். தடிப்பு முழுவதும் பிளாஸ்டிக் உறையில்தான். பேட்டரியிலிருந்து ரிலேவுக்கும், ரிலேவிலிருந்து பல்புக்கும் 2.5 சதுர மி.மீ. சுத்தச் செம்பு வயர் போட்டு மாற்றுவது நல்லது. எர்த்துக்கும் அதே தடிப்பு. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு புடு பக்கம் ஜாலான் பசாரில் வயர், 6.3 மி.மீ. டெர்மினல், ஃபியூஸ் ஹோல்டர் எல்லாம் கிடைக்கும்.

இரண்டாவது, ஒரே ஃபியூஸ். அது போனால் மழையில் ஹைவேயில் இரண்டு லைட்டும் ஒரே நொடியில் அணையும். இடது வலது இரண்டுக்கும் தனித்தனி 15 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். அப்போது ரிலேயின் 87-லிருந்து (பல்புக்குப் போகும் கால்) அல்ல, 30-க்குப் (பேட்டரி வரும் கால்) போகும் வயரிலிருந்தே பிரிக்க வேண்டியிருக்கும், ரிலேயும் நான்காகும். இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர் டிம் ரிலேக்கு ஒன்று, ஹைபீம் ரிலேக்கு ஒன்று என்று பிரித்தாலே போதும். ஒன்று போனாலும் மற்றதில் வீடு சேரலாம். ரிலேக்களைக் கால் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், இல்லாவிட்டால் சாக்கெட்டில் தண்ணீர் தேங்கும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது, விற்பவர்கள் ஒருவரும் சொல்லாதது. பிரிட்டிஷ் காடிகளில் சுவிட்ச் கரண்ட் வரும் பக்கம், எர்த் பக்கம் அல்ல. அவற்றின் லூக்காஸ் கம்பெனி வயரிங்கில் நீலம்-சிவப்பு டிம், நீலம்-வெள்ளை ஹைபீம், கறுப்பு எர்த். ஆனால் அந்தக் காலத்து ஜப்பான் காடிகள் பலவற்றில், டொயோட்டாவும் சேர்த்து, பல்பின் பொது முனைக்கு (இரண்டு இழைக்கும் பொதுவானது) 12 வோல்ட் வரும். சுவிட்ச் எர்த் பக்கத்தில். இந்த செட்டில் ஆண் பிளக்கின் பொது முனையை எர்த் ரிங்கோடு சேர்த்தே கட்டியிருந்தால், டொயோட்டாவில் செருகி லைட்டைப் போட்டதும் நேரடி ஷார்ட். ஃபியூஸ் போகும், இல்லையேல் வயர் புகையும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு பக்கப் பிளக்கையும் கழற்றி, டிம் போட்டு, மூன்று முனைகளையும் பாடியோடு அளந்து பாருங்கள். டிம் முனையில் 12 வந்தால் சாதாரண வயரிங். பொது முனையில் 12 வந்தால் எர்த் பக்க சுவிட்ச். அப்போது ஆண் பிளக்கின் பொது வயரை எர்த் ரிங்கிலிருந்து வெட்டி, இரண்டு ரிலே காயிலுக்கும் மட்டும் கொடுங்கள். காயிலுக்கு திசை கிடையாது, உள்ளே டயோடு வைத்த ரிலே தவிர. இப்படி மாட்டியபின் சில காடிகளில் டேஷ்போர்டில் ஹைபீமின் நீல விளக்கு மங்கும், அல்லது எரியாது. அது முன்பு பல்பின் இழை வழியாகச் சுற்றை முடித்துக்கொண்டிருந்தது. அதற்குத் தனி வயர் இழுக்க வேண்டும்.

சாக்கெட் செராமிக் என்றால் பரவாயில்லை. பிளாஸ்டிக் என்றால் 60/55-க்கு மேல் நினைக்கவே வேண்டாம். கூடவே விற்கிற 100/90 வாட் பல்பைப் போட்டால் ஹைபீமில் 16 ஆம்பியரைத் தாண்டும், சாக்கெட் உருகும்.