பழைய ஆல்ட்டோவுக்கு கிளட்ச் மாற்றி இரண்டு வருடம்: என் அனுபவம்

வண்டி 2008 மாடல் ஆல்ட்டோ, 796 சிசி, கேபிள் கிளட்ச். ஓட்டம் பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம், திற்பரப்பு பக்கம். கிளட்ச் மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனி தைரியமாக எழுதலாம்.

கோளாறு முதலில் தெரிந்தது ஏற்றத்தில். பேச்சிப்பாறை ரோட்டில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் இரைகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை, கூடவே கருகிய வாடை. பெடலை முக்கால்வாசிக்கு மேல் விட்டால்தான் பிடிக்கிறது. கிளட்ச் பிளேட் (இன்ஜின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் தட்டு) தேயத் தேய பெடலில் ப்ரீ ப்ளே, அதாவது மிதித்ததும் முதலில் வரும் வெற்று அசைவு, குறையும், பிடிக்கும் இடம் மேலே போகும். கேபிளைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தேன், அப்புறமும் சறுக்கியது. அப்படியென்றால் பிளேட் முடிந்தது.

மாற்றுகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான், பிளேட்டை மட்டும் மாற்றாதீர்கள். கியர் ஆயிலை வடித்து, ஆக்சிலைக் கழற்றி, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கூலியில் பெரும்பங்கு அதற்குத்தான் போகிறது. மெக்கானிக் அண்ணனும் அதைத்தான் சொன்னார்: "பிளேட் மட்டும் போடலாம் தம்பி, ஆனா நாளைக்கு பேரிங் கத்துனா திரும்பவும் இதே இறக்கம்தான்." அதனால் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாக, கூடவே கேபிளும் இன்ஜினின் கிராங்க் தண்டின் பின்பக்க ஆயில் சீலும் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்றினோம். இந்த சீலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்; அது கசிந்து புது பிளேட்டில் எண்ணெய் பட்டால் செலவு செய்த கிளட்ச் மறுபடியும் சறுக்கும். ஃப்ளைவீலில் (இன்ஜினோடு சுழலும், பிளேட் அழுந்தும் கனமான சக்கரம்) சூட்டில் நீலத் திட்டுகள் விழுந்திருந்தன, லேத்தில் லேசாகக் கடைந்து போட்டோம். சாமான், கூலி, புது கியர் ஆயில் எல்லாம் சேர்த்து 10,000 ரூபாய்க்குள் முடிந்தது.

மாற்றிய பிறகு பெடல் அவ்வளவு லேசு! பிரஷர் பிளேட் பழசாகும்போது பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவதால் நமக்குத் தெரிவதே இல்லை. முதல் சில நூறு கிலோமீட்டர் ஏற்றத்தையும் அதிக பாரத்தையும் தவிர்த்து நிதானமாக ஓட்டினேன். இன்றுவரை சறுக்கல் இல்லை, ரிவர்ஸ் கியர் உரசாமல் விழுகிறது. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் நம்முடையது, மழையில் நாலைந்து நாள் நிறுத்திவிட்டு எடுத்தால் முதலில் நகரும்போது லேசாக உதறும், ஈரத்தில் பிடிக்கிற மேல்துரு தேய்ந்ததும் தானாகவே சரியாகிவிடும். குறை என்றால் கேபிள்தான், அன்று கடையில் கிடைத்தது ஒரு வருடத்திலேயே இறுகிவிட்டது, தரமானதாகத் திரும்ப மாற்றினேன்.

மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் கிளட்ச்சில் கால் வைத்தே ஊர்வதையும், ஏற்றத்தில் பாதி கிளட்ச்சில் வண்டியை நிறுத்துவதையும் அடியோடு விட்டுவிடுங்கள். 62 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள சின்ன இன்ஜின், ஏற்றத்தில் நிற்க ஹேண்ட்பிரேக் இருக்கிறது. செட் வாங்கும்போது பெட்டியைத் திறந்து பழைய பிளேட்டோடு வைத்து நடு ஓட்டையின் பற்களை எண்ணிப் பாருங்கள், மாடல் மாறினால் கியர்பாக்ஸ் ஷாஃப்டில் ஏறவே ஏறாது.