காரைக்குடி மாதத் தொகுப்பு: நலத்திட்டப் பகுதிக்காக வாங்கலாம், வெளியுறவை நம்ப வேண்டாம்

காரைக்குடி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் தொங்கும், டி.என்.பி.எஸ்.சி. போன்ற அரசுப் பணித் தேர்வுகளுக்கான கரண்ட் அஃபேர்ஸ் புத்தகங்களில், உள்ளூர்ப் பயிற்சி மையம் ஒன்று போடும் மாதத் தொகுப்புக்குத்தான் தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் பக்கத்துப் பிள்ளைகளிடம் கிராக்கி. 90 ரூபாய், 112 பக்கம். பெயர் வேண்டாம், இளநீல அட்டை என்றால் கடைக்காரரே எடுத்துக் கொடுப்பார். 2025 இதழ்களை வைத்து எழுதிய மதிப்பீடு இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். நலத்திட்டப் பகுதியைத் தொகுத்தவர் வினாத்தாளைப் புரட்டிப் பார்த்தவர் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாள் என்பதால் ஒரே தேதியில் பல திட்டங்கள் தொடங்கப்பட்டிருக்கின்றன. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022, மதுரை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023, காஞ்சிபுரம். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கான அன்புக் கரங்கள் 2025. பொருத்துக வகைக் கேள்வியில் மாணவர்கள் சறுக்குவது இந்த மூன்றில்தான். தொகுப்பு மூன்றையும் ஒரே கட்டத்துக்குள் வைத்து ஆண்டு, இடம், தொகை, பயனாளி எனப் பிரித்திருக்கிறது.

காலை உணவுத் திட்டத்தின் விரிவாக்கத்தையும் படிப்படியாகக் கொடுத்திருக்கிறார்கள். 2022-இல் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25-இல் திருக்குவளையில் தொடங்கி மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகள். 2024 ஜூலை 15-இல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகள். 2025 ஆகஸ்ட் 26-இல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகள். 'எப்போது தொடங்கியது' என்ற கேள்வியைவிட 'எந்தக் கட்டத்தில் எந்தப் பள்ளிகள் சேர்ந்தன' என்ற கேள்விதான் ஆளைக் கவிழ்க்கும். உயர்கல்வி படிக்கும் மாணவியருக்கான புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் இரண்டுக்கும் மாதம் 1,000 ரூபாய்தான். முதலாவது 2022 செப்டம்பர் 5, இரண்டாவது 2024 ஆகஸ்ட் 9, கோவை. இதுவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது.

அதே பகுதியில் ஒரு பெரிய ஓட்டை. மத்தியத் திட்டத்தையும் மாநிலத் திட்டத்தையும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டார்கள். கைவினைஞர் திட்டங்களைப் பாருங்கள். பிரதமரின் விஸ்வகர்மா 2023 செப்டம்பர் 17-இல் வந்தது. 18 தொழில்கள், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், இரண்டு தவணையில் 3 லட்சம் வரை 5 சதவீத வட்டியில் கடன். தமிழ்நாட்டின் கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரல் 19-இல் தொடங்கியது. 25 தொழில்கள், குறைந்தது 35 வயது, 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், மேலும் 5 சதவீத வட்டி மானியம். ஒன்றில் 5 என்பது கட்ட வேண்டிய வட்டி, மற்றதில் 5 என்பது அரசு தரும் தள்ளுபடி. தொகுப்பு இரண்டுக்கும் '3 லட்சம், 5%' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இதை அப்படியே மனப்பாடம் செய்தவருக்கு இரண்டு கூற்றுக் கேள்வியில் மதிப்பெண் போவது உறுதி. அட்டவணையின் ஓரத்தில் 'ம', 'மா' என்று பென்சிலில் குறித்துக்கொண்ட பிறகே படிக்கத் தொடங்குங்கள்.

அறிவியல் பகுதி சுமாருக்கு மேல். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோளான நிசாருக்கு ஒரு முழுப் பக்கம்: 2025 ஜூலை 30, ஜி.எஸ்.எல்.வி-எஃப்16, நாசாவின் எல்-பேண்ட், இஸ்ரோவின் எஸ்-பேண்ட், 12 மீட்டர் ஆண்டெனா, 12 நாளுக்கு ஒருமுறை பூமியைப் படம்பிடிக்கும். எந்த பேண்ட் யாருடையது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டது நல்ல காரியம். மாற்றிப் போட்டுக் கேட்பதற்கென்றே வசதியான செய்தி அது. ஜி.எஸ்.எல்.வி ராக்கெட் சூரிய ஒத்திசைவுத் துருவப் பாதைக்கு ஒரு செயற்கைக்கோளைக் கொண்டுபோனது அதுவே முதல் தடவை என்ற குறிப்பு மட்டும் விடுபட்டிருக்கிறது.

சிக்கல் மாதக் கணக்கில் பிரிப்பதால் வருகிறது. ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டும் பி.எஸ்.எல்.வி-சி60-இல் ஏறியது 2024 டிசம்பர் 30. விண்வெளியில் இணைந்தது 2025 ஜனவரி 16. ஜனவரி இதழில் இணைப்பு இருக்கிறது, ஏவிய தேதி இல்லை; அது முந்தைய ஆண்டு இதழோடு போய்விட்டது. வழிகாட்டிச் செயற்கைக்கோளான என்.வி.எஸ்-02 செய்தியிலும் இதே கோளாறுதான். 2025 ஜனவரி 29, ஸ்ரீஹரிகோட்டாவின் 100-ஆவது ஏவுதல், 'வெற்றி' என்று முடிகிறது. ராக்கெட் தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் எரிபொருளை எரிக்க ஆக்சிஜனேற்றி செல்லும் வால்வு திறக்காததால், சுற்றுப்பாதையை உயர்த்த முடியவில்லை. பிப்ரவரி இதழில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. 'ஏவுதல் வெற்றி', 'செயற்கைக்கோள் உரிய பாதையை அடைந்தது' என்று இரண்டு கூற்றாகக் கேட்டால் இந்தப் புத்தகம் கைகொடுக்காது.

வெளியுறவுப் பகுதிதான் சொதப்பல். வளரும் பொருளாதார நாடுகளின் கூட்டமைப்பான பிரிக்ஸின் உறுப்பினர் பட்டியலில் அர்ஜென்டினா உட்கார்ந்திருக்கிறது. 2023 ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் அழைக்கப்பட்ட ஆறு நாடுகளின் பட்டியலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அர்ஜென்டினா சேரவே இல்லை. 2024 ஜனவரியில் எகிப்து, எத்தியோப்பியா, ஈரான், ஐக்கிய அரபு அமீரகம் சேர்ந்தன. 2025 ஜனவரியில் இந்தோனேசியா. 2024 மாநாடு கசானில், 2025 மாநாடு ரியோ டி ஜெனிரோவில், 2026 தலைமை இந்தியாவிடம். இந்த நான்கு வரியை எழுதிப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் அந்தப் பகுதி உருப்படும்.

வர்த்தக ஒப்பந்தங்களுக்கு ஒரே ஒரு தேதிப் பத்தி. கையெழுத்தான நாளா, நடைமுறைக்கு வந்த நாளா என்று சொல்லவில்லை. ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், நார்வே, சுவிட்சர்லாந்து அடங்கிய எஃப்டா கூட்டமைப்போடு 2024 மார்ச் 10-இல் கையெழுத்து, 2025 அக்டோபர் 1-இல் நடைமுறை. பிரிட்டனோடு 2025 ஜூலை 24-இல் கையெழுத்து. எஃப்டாவின் நான்கு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாதவை என்பதையும் சேர்த்தே மனத்தில் வைக்க வேண்டும்.

மீனவர் கைதுச் செய்திகள் மட்டும் மூன்று பக்கம். தொண்டி, ராமேஸ்வரம் இங்கிருந்து எட்டும் தூரம் என்பதால் ஆர்வம் புரிகிறது. ஆனால் கேள்வி வருவது 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களிலிருந்து: முதலாவதில் கச்சத்தீவு, இரண்டாவதில் மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா கடல் எல்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் மூன்று பக்கத்திலும் தேடினாலும் கிடைக்காது.

மாவட்டப் பக்கம் ஒன்று ஒவ்வோர் இதழிலும் உண்டு. காரைக்குடி மாநகராட்சியானது 2024, கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு 2019, கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் 1953 ஜனவரி 14-இல் திறப்பு. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு இது உதவும். குரூப் 4 எழுதுபவர் தாண்டிப் போகலாம்.

பின்னால் இருக்கும் 100 மாதிரி வினாக்களில் பெரும்பாலானவை ஒருவரி ரகம். டி.என்.பி.எஸ்.சி.யின் கூற்று-காரணம், பொருத்துக ரகம் பத்துக்குள்தான். நெகட்டிவ் மார்க் இல்லாத குரூப் தேர்வுகளுக்கு இது ஓரளவு போதும்; தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிக்கும் யு.பி.எஸ்.சி. பிரிலிம்ஸுக்கு இந்தப் பயிற்சியை நம்பி இறங்கக் கூடாது.

தாள் மெலிது, ஹைலைட்டர் போட்டால் மறுபக்கம் தெரியும். டிசம்பரில் 12 இதழையும் சேர்த்து 'ஆண்டுத் தொகுப்பு' என்று 650 ரூபாய்க்கு வருகிறது. பழைய பக்கங்களையே அடுக்கித் தைத்தது, அர்ஜென்டினாவும் அப்படியே இருக்கிறது. ஜூலை முதல் டிசம்பர் வரை தனி இதழ்களாக வாங்குங்கள். அவற்றின் நடுவில் செருகியிருக்கும் திருத்தச் சீட்டு ஆண்டுத் தொகுப்பில் இல்லை.