மணலி லேப்: தண்ணீருக்கு நம்பலாம், பாறைக்கு இப்போதைக்கு வேண்டாம்

செப்புத் தாது இருப்பது மலஞ்சகண்டிலும் கேத்ரியிலும் சிங்பூமிலும். ஆனால் அங்கே எடுத்த சாம்பிளை எந்த ஊர் லேபிலும் சோதிக்கலாம். புதுச் சுரங்கத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வேலை எடுப்பவர்கள், சென்னை மணலி பக்கமுள்ள இந்த லேபுக்கு எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

தண்ணீர்ப் பரிசோதனை தரமானது. ஓர் இடத்துக்கு இரண்டு பாட்டில் தருகிறார்கள். கரைந்த உலோகத்துக்கான பாட்டிலில் ‘முதலில் வடிகட்டு, பிறகு ஆசிட்’ என்று தமிழிலேயே ஒட்டியிருக்கிறது. 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்த பிறகுதான் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். மாற்றிச் செய்தால் வண்டலில் ஒட்டிய செம்பும் கரைந்து, இல்லாத மாசு கணக்கில் ஏறும். ரிப்போர்ட்டில் ‘கண்டறியப்படவில்லை’ என்பதன் பக்கத்தில் கருவியின் கண்டறிதல் எல்லையையும் போடுகிறார்கள். குடிநீரில் செம்புக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், கருவியின் எல்லையே 0.1 என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பே இல்லை.

காற்றுத் தூசியும் பரவாயில்லை. எண்ணூர்க் கடல்காற்றின் ஈரத்தை வடிதாள் உறிஞ்சினால் எடை கூடிவிடும் என்பதால், தராசு அறையின் ஈரப்பதப் பதிவையும் கேட்டு வாங்குங்கள்.

சிக்கல் கழிவுப் பாறையில். செப்புச் சுரங்கத்தில் தலைமுறைகளுக்கும் தொல்லை தருவது பைரைட் போன்ற சல்பைடுகளிலிருந்து, அதாவது கந்தகக் கனிமங்களிலிருந்து, கசியும் அமிலம். பாறையின் கந்தகச் சதவீதத்தை 31.25-ஆல் பெருக்கினால், டன்னுக்கு எத்தனை கிலோ சுண்ணாம்புக் கார்பனேட்டுக்கு ஈடான அமிலம் வரும் என்று தெரியும். 2 சதவீதத்துக்கு 62.5. அதைப் பாறையின் சொந்த நடுநிலையாக்கும் திறனோடு ஒப்பிட வேண்டும். இந்த லேப் அந்தத் திறனை அளக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ப்பதில்லை. பாறையில் சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட் இருந்தால், அதன் இரும்பு ஆக்சிஜனேற்றமாகி அமிலத்தைத் திருப்பித் தரும். பெராக்சைடு இல்லாமல் அது தெரியவே தெரியாது. கணக்குக்கு எடுத்துக்கொண்டால், திறன் 140 என்று வந்தால், அதை 62.5-ஆல் வகுத்த விகிதம் 2.24, ‘ஆபத்தில்லை’. பெராக்சைடு சேர்த்ததும் 60-ஆக இறங்கினால் 0.96. அதே பாறைதான், இப்போது அமிலம் கசியும் பட்டியலில். வற்புறுத்திக் கேட்டால் செய்து தருகிறார்கள். கேட்க வேண்டியிருப்பதே குறை.

அதைவிட மோசம், எட்டு வாரத்தில் முடிக்கும் ஈரப்பதக் கலப் பரிசோதனை. ஒரு கிலோ பாறைத்தூளை மூன்று நாள் உலர்காற்றிலும் மூன்று நாள் ஈரக்காற்றிலும் வைத்து, ஏழாம் நாள் கழுவிய நீரை அளப்பது இது. குறைந்தது 20 வாரம் ஓட வேண்டும். கார்பனேட் தீரும்வரை பிஎச் நன்றாகவே இருக்கும். எட்டாம் வாரத்தில் நிறுத்தினால் அந்த நல்ல முகத்தை மட்டும்தான் பார்ப்போம். சுரங்கத்துக்கு முந்தைய நிலையைக் காட்டும் அடிப்படைத் தரவுக்கு ஒரு பருவம், அதாவது மூன்று மாதம் என்பதால் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். அந்த அவசரத்துக்கு லேப் இடம் கொடுக்கக் கூடாது. துளையிட்டு முதல் பாறைத்துண்டு வந்த வாரமே கலத்தைத் தொடங்க வேறு லேபைப் பாருங்கள்.

வெடிமருந்தின் மிச்சம் நைட்ரேட்டாக நீரில் சேரும் என்பதால் அந்தச் சோதனையை விடாதீர்கள். அமிலம் சேர்க்காத பாட்டிலை ஐஸில் வைத்து 48 மணி நேரத்துக்குள் லேபில் கொண்டு சேர்க்க வேண்டும். சென்ட்ரலில் இறங்கியதும் மூலக்கடை, மாதவரம் வழியாகப் போங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஐஸ் உருகிவிடும்.