பந்தயக் கார் பட்டறையில் ஆறு வருடம்: எங்கள் டியூப் பெண்டர்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பட்டறை என் பொறுப்பில் இருக்கிறது. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் என்ற மாணவர் பந்தயக் கார் போட்டிக்காக எங்கள் மாணவர்கள் கார் கட்டுகிறார்கள். 2019இல் வாங்கிய, கையால் இழுத்து இரும்புக் குழாயை வளைக்கும் டியூப் பெண்டரில் இதுவரை நாலு கார்களுக்குச் சட்டகக் குழாய்கள் வளைத்திருக்கிறோம். நாகர்கோவில், கோவில்பட்டிக் கல்லூரிகளிலிருந்து "என்ன பெண்டர் சார் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது இது இல்லை. ஜாக் வைத்துத் தள்ளுகிற 12 டன் ஹைட்ராலிக் பைப் பெண்டர். அரை இஞ்ச், முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச் என்று அச்சுகளும் கூடவே வந்தன. எங்கள் டியூப் ஒரு இஞ்ச், அதாவது வெளிவிட்டம் 25.4 மி.மீ. விற்றவர் "தாராளமா வளையும்" என்றார், நம்பினோம். ஒரு இஞ்ச் அச்சில் வைத்து அடித்தால் டியூப் நடுவில் சப்பிப் போய், உள்பக்கம் மடிப்பு விழுந்துவிட்டது. வெர்னியர் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் 22 மி.மீ. கூட இல்லை.

அந்தத் துண்டை பேட்டையில் இருக்கும் லேத் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், "இது தண்ணி பைப்புக்குள்ள அச்சுலா சார். உங்க டியூபு இதுல ஆடத்தான செய்யும்" என்றார். அங்கேதான் விஷயம் பிடிபட்டது. பைப்புக்குச் சொல்லும் இஞ்ச் வேறு, டியூபுக்குச் சொல்லும் இஞ்ச் வேறு. ஒரு இஞ்ச் தண்ணீர்க் குழாயின் வெளிவிட்டம் 33.7 மி.மீ. முக்கால் இஞ்ச் குழாய்கூட 26.9 மி.மீ. இருக்கும். அந்த அச்சுகளின் பள்ளத்தில் நம் டியூபைப் பக்கவாட்டில் தாங்க ஒன்றுமே இல்லை. எத்தனை டன் தள்ளினாலும் தாங்கல் இல்லாத இடத்தில் டியூப் சப்பத்தான் செய்யும்.

அதனால் டன் கணக்கை விடுங்கள். டையின், அதாவது வளைக்கும் அச்சின், பள்ளம் உங்கள் டியூபின் வெளிவிட்டத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், மெஷினைப் பற்றி அப்புறம் பேசலாம். இப்போது நாங்கள் வைத்திருக்கும் வகையில் டையே சுழன்று டியூபைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். எதிர்ப்பக்கம் ஃபாலோவர் கட்டை டியூபை அணைத்துப் பிடித்திருக்கும். சுவர் 2.4 மி.மீ. கனமுள்ள டியூபை, உள்ளே தாங்கலாக விடும் மாண்ட்ரல் என்ற தண்டு இல்லாமலே மடிப்பு விழாமல் வளைத்துவிடலாம்.

அடுத்தது டையின் ஆரம். வளைவின் ஆரம், டியூபின் மையக்கோட்டில் அளந்தால், வெளிவிட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. 25.4க்கு 76.2 மி.மீ. நாங்கள் தாராளமாக இருக்கட்டும் என்று நாலரை இஞ்ச், அதாவது 114.3 மி.மீ. டை வாங்கினோம். இழுக்கச் சுலபம், வளைவும் அழகாக வந்தது. ஆனால் 90 டிகிரி வளைவுக்கே 180 மி.மீ. நீளம் போய்விடும். முன்பக்க ஹூப்பில், அதாவது ஸ்டியரிங் பக்கம் நிற்கும் வளையச் சட்டத்தில், பக்கத்துப் பக்கத்தில் வரும் இரண்டு வளைவுகளுக்கு நடுவே கிளாம்ப் பிடிக்க நேர்த்துண்டு மிஞ்சவில்லை. 2022இல் மூன்றரை இஞ்ச் டை ஒன்று தனியாக வாங்க வேண்டி வந்தது. அதில் 90 டிகிரிக்கு 140 மி.மீ. போதும். ஒரே டைதான் வாங்க முடியும் என்றால் மூன்றரையே வாங்குங்கள்.

இனி, எங்களை அதிகம் படுத்திய விஷயம். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் மெயின் ஹூப் ஒட்டுப்போடாத ஒரே டியூபாக இருக்க வேண்டும். கடைசி வளைவில் தப்பினால் முழு டியூபும் போச்சு. இரண்டாவது காரில் நாலு வளைவும் கோணம் சரியாக வந்தது. மேசைமேல் படுக்கப் போட்டால் ஒரு கால் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் பத்து ரூபாய் நாணயம் ஆறு அடுக்கியும் இடைவெளி மிச்சம். ஒவ்வொரு வளைவுக்கும் டியூபைத் திருப்பி வைக்கும்போது அரை டிகிரி, ஒரு டிகிரி என்று முறுக்கு சேர்ந்திருக்கிறது. இப்போது முதல் வளைவு முடிந்ததுமே அந்தக் காலில் டிஜிட்டல் கோணமானியை ஒட்டிவிடுகிறோம். அடுத்த வளைவுக்குக் கிளாம்ப் முறுக்குவதற்கு முன் ஒருவர் எண்ணை வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் எழுதுவார். அதன்பிறகு ஒரு ஹூப்பும் வீணாகவில்லை.

வளைத்து விட்டதும் டியூப் கொஞ்சம் திரும்பி வரும். எங்கள் சீம்லெஸ் (பற்றவைப்புத் தையல் இல்லாத) டியூபுக்கு 90 டிகிரியில் மூன்று டிகிரி கூட்டி இழுக்கிறோம். குரோமோலி என்ற கலப்பு எஃகு டியூபுக்கு ஐந்தரை தேவைப்பட்டது. இந்தக் கணக்கை யாரிடமும் கடன் வாங்காதீர்கள். டியூப் புதிதாக வந்து இறங்கியதும் ஒரு துண்டு வெட்டி வளைத்துப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது எங்கள் ஷெட்டுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர். வெல்டிங் மெஷின் இரண்டும் போய்விட்டன. பெண்டர் சேறு பூசி நின்றது. டையைக் கழற்றி டீசலில் கழுவி, பள்ளத்தில் ஏறிய துருவை நாரால் தேய்த்து, கிரீஸ் போட்டோம். மறுநாள் வேலை செய்தது. மோட்டார் வைத்த பெண்டருக்குப் பணம் இல்லையே என்று 2019இல் எனக்கிருந்த வருத்தம் அன்றோடு தீர்ந்தது.

குறை இல்லாமல் இல்லை. லீவர் சுற்ற இரண்டு மீட்டர் வெற்றிடம் வேண்டும். தரையில் ஆங்கர் போல்ட் இல்லாமல் இழுத்தால் ஸ்டாண்டே திரும்பிவிடும். ஃபாலோவர் கட்டை நாலாவது காரில் தேய்ந்து டியூபில் கீறல் விழ ஆரம்பித்தது. பழைய கட்டையை மாதிரி வைத்து அண்ணாச்சிதான் லேத்தில் புதிதாகக் கடைந்து கொடுத்தார்.

பெண்டர் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வெர்னியரும் நீங்கள் வாங்கப்போகும் அதே டியூபில் ஒரு மீட்டர் துண்டும் எடுத்துப் போங்கள். கடையிலேயே 90 டிகிரி வளைக்கச் சொல்லி, வளைவின் நடுவில் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வளைத்துக் காட்டத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.