பிராம்ஸா, துவோர்ஷாக்கா?

மேலைத்தேய வாத்தியக்குழு இசையை லேசாகத் தொடங்க எதைக் கேட்கலாம் என்று மட்டக்களப்பில் சங்கீதம் படிக்கும் பிள்ளைகள் கேட்டால் இரண்டைச் சொல்வேன்: ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்கள், செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ஸ்லாவிய நடனங்கள்.

பிராம்ஸின் 21 நடனங்கள் 1869இலும் 1880இலும் வெளிவந்தன. ஒரே பியானோவில் இருவர் சேர்ந்து வாசிக்க எழுதியவை; வாத்தியக்குழுவுக்கு அவரே மாற்றியது மூன்றை மட்டும்தான். எல்லோருக்கும் தெரிந்த ஐந்தாவதன் மெட்டுகூட ஹங்கேரிய இசையமைப்பாளர் கேலர் பேலாவுடையது. நாட்டுப்பாடல் என்று நினைத்து பிராம்ஸ் எடுத்துக்கொண்டாராம்! ஆனாலும் இழுத்து நிறுத்திவிட்டுத் திடீரென்று பாயும் அந்த வேகம் யாரையும் விடாது.

துவோர்ஷாக் வேறு வழி. 1878இலும் 1886இலும் எழுதிய 16 நடனங்களில் தாளம்தான் ஊருடையது, மெட்டு அவருடையது. வாத்தியக்குழு வடிவமும் அவர் கையாலேயே வந்தது. முதல் நடனம் ஃபூரியன்ட் என்ற செக் நாட்டார் நடன வகை: மூன்றெண்ணிக்கைத் தாளத்துக்குள் அழுத்தம் இரண்டிரண்டாக விழும். கை தட்டிப் பாருங்கள், தடுமாறும். வடமோடிக் கூத்தில் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஆடிப் பழகிய கால்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும் என்பது என் எண்ணம்.

ஒன்றுதான் என்றால் நான் துவோர்ஷாக் பக்கம். பள்ளிக்கூட விழாவில் கைதட்டல்தான் முக்கியமா? சரி, பிராம்ஸின் ஐந்தாவதையே வாசியுங்கள்.